குரவை, குறவஞ்சி, கோலாட்டம்: பள்ளி மேடைக்கு வந்த கூட்டு ஆடல்

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் ஆண்டு விழாவுக்குப் போய் வருபவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தமிழ் நாடகம் எதைப் பற்றியதாக இருந்தாலும் அதன் நடுவிலோ முடிவிலோ ஒரு கூட்டு நடனம் இருக்கும். கண்ணகி கதை என்றால் ஆயர் சேரியில் குரவை. பொங்கல் கதை என்றால் களத்து மேட்டில் கும்மி. வேறொன்றும் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறது கோலாட்டம். ஜனக்புரியில் வாழும் நம் குடும்பங்களுக்கும் இது புதிதில்லை. அக்டோபர் பிறந்துவிட்டால் பிள்ளைகள் பையில் கோலாட்டக் குச்சிகளோடு பள்ளிக்குப் போவார்கள், மாலையில் தாமதமாக வருவார்கள்.

இந்தத் தாமதத்தைப் பற்றித்தான் பெற்றோர் பலர் என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். "ஏன் ஸார், மேடையில் ஆடப்போறது அஞ்சு நிமிஷம். அதுக்கு அஞ்சு வாரம் ஒத்திகையா? பத்தாவது படிக்கிற பொண்ணு ஸார்!" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளி நிர்வாகத்திடம் கேட்டால் ஒழுங்கு, கூட்டு முயற்சி என்று பொதுவாக ஏதாவது சொல்வார்கள். எனக்குத் தோன்றும் பதில் வேறு. அது வரலாற்றில் இருக்கிறது. இக்கட்டுரையில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒத்திகை இல்லாத ஆட்டம்

சிலப்பதிகாரத்தில் ஆடலைப் பற்றிய இரண்டு முக்கியமான இடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று அரங்கேற்று காதை. மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். ஏழாண்டுப் பயிற்சி. ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், கவி இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழோன் என்று அவளைச் சுற்றி ஒரு பெரிய கல்விக்கூடமே இயங்குகிறது. அரங்கின் அளவைக்கூட இளங்கோ விடவில்லை. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஒரு கோலுக்கு இருபத்துநான்கு பெருவிரல் அளவு. மூன்று வகைத் திரைகள். இத்தனையும் ஒருத்தியின் ஆட்டத்துக்காக.

மற்றொன்று ஆய்ச்சியர் குரவை. கோவலன் சிலம்பு விற்க மதுரைக்குள் போய்விட்டான். ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, தீய நிமித்தங்கள் தெரிகின்றன. மாதரி பயந்துபோய், 'கன்றும் மாடும் துயர் நீங்கக் குரவை ஆடுவோம்' என்கிறாள். ஏழு பெண்களை அழைத்துக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை வரிசையாக வைக்கிறாள். குரலானவள் மாயவன், இளியானவள் பலராமன், துத்தமானவள் நப்பின்னை. நண்டின் கொடுக்கு மாதிரி விரலைக் கோத்துப் பிடிக்கும் கற்கடகக் கையோடு வட்டமாக நிற்கிறார்கள். உடனே ஆடத் தொடங்கிவிடுகிறார்கள்.

பாத்திரப் பங்கீடு உண்டு, நிற்கும் இடம் உண்டு, கைமுத்திரை உண்டு, பாட்டு உண்டு. ஒத்திகை மட்டும் இல்லை. ஆசானும் இல்லை, அரங்கும் இல்லை, பார்வையாளர் என்று தனியாக ஒரு கூட்டமும் இல்லை. அந்தப் பெண்களுக்கு ஒத்திகை எதற்கு? நடை பழகின நாளிலிருந்து மன்றத்தில் பார்த்துப் பார்த்து ஆடியது. அம்மா ஆடினாள், அக்கா ஆடினாள், பின்னாலேயே இவளும் ஆடினாள்.

தமிழர் ஆடலில் இந்த இரண்டு ஓடைகளும் நெடுங்காலம் தனித்தனியே ஓடியிருக்கின்றன. ஒரு பக்கம் ஆசானும் அரங்கும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் உள்ள ஆடல். இன்னொரு பக்கம் முற்றத்திலும் மந்தையிலும் எல்லோரும் சேர்ந்து ஆடும் குரவை, கும்மி, கோலாட்டம். இன்று நம் பிள்ளைகள் பள்ளி மேடையில் ஆடுவது இவ்விரண்டும் கலந்த ஒன்று. பொருள் முற்றத்திலிருந்து வந்தது, முறை அரங்கிலிருந்து வந்தது. இந்தக் கலப்பு எப்போது, யாரால் நடந்தது என்பது சுவையான கதை.

கோயிலிலிருந்து பள்ளிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் சதிர்க் கச்சேரிக்கு ஒழுங்கு வகுத்தார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் அந்த வரிசை பெரும்பாலும் தனியொருவர் ஆடுவது. அதே காலத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு வடிவமும் கோயிலில் இருந்தது. அதுதான் குறவஞ்சி. தலைவி, தோழியர், குறத்தி, சிங்கன் என்று பாத்திரங்கள் பல. பந்தாட்டம், கும்மி, குறி சொல்லுதல் என்று ஆட்டங்களும் பல. இரண்டாம் சரபோஜி மன்னரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, தஞ்சைப் பெரிய கோயில் விழாவில் ஆண்டுதோறும் ஆடப்பட்டு வந்தது. ஆடியவர்கள் கோயிலைச் சேர்ந்த பெண்கள். அவர்களுக்கும் ஒத்திகை என்று தனியாக வேண்டியிருந்திருக்காது. அவர்கள் வாழ்ந்த தெருவே அவர்களுடைய பள்ளிக்கூடம்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தெரு கலைந்தது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். ஆடலாவது பிழைக்கட்டும் என்று ஈ. கிருஷ்ணய்யர் வாதாடினார். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. ஒரு கொடுமை ஒழிந்ததில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் அதோடு, சேர்ந்து ஆடிய பெண்களின் கூட்டமும் கலைந்துபோனது.

கூட்டம் வேறோர் இடத்தில் மீண்டும் கூடியது. ருக்மிணி தேவி 1936இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் அது நடந்தது. 1944இல் அந்நிறுவனம் தன் முதல் நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியது. திரிகூடராசப்பக் கவிராயரின் பாட்டுக்கு வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். கோயிலில் குறவஞ்சி ஆடிப் பழகிய காரைக்கால் சாரதாம்பாள் அம்மையாரின் உதவியும் அதற்குத் தேவைப்பட்டது. மரபு கைமாறிய தருணம் என்று இதைச் சொல்வேன். தெரிந்தவர் ஒரு முதிய கோயில் கலைஞர். கற்றுக்கொண்டவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகள். இடம், கோயில் பிராகாரம் போய்ப் பள்ளி வளாகம்.

ஏன் பள்ளி? காரணம் மிகச் சாதாரணமானது. பத்து இருபது பேர் சேர்ந்து ஆட வேண்டுமானால், அந்த இருபது பேரும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கலைஞர் தெரு கலைந்த பிறகு அப்படி இருபது பேர் கிடைக்கும் இடம் பள்ளிக்கூடம்தான். கலாக்ஷேத்திரா அதன்பின் 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக இராமாயணத்தை நாட்டிய நாடகமாக்கியதும் இந்த வசதியால்தான் முடிந்தது.

நாடகத் துறையிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயதுதான். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அழைத்த இந்தச் சபைகளில் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, பாட்டும் வசனமும் ஆட்டமும் பழகினார்கள். நாடகக் கம்பெனி என்பது ஒருவகைக் குருகுலமாக இருந்தது. வீட்டில் தெரியாததை ஒத்திகையில் தெரிந்துகொள்ளும் வழக்கம் அங்கேயும் வேரூன்றியது.

தில்லிக்கு வந்த கதை

தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவித்த பிறகு, சென்னை மாகாணத்திலிருந்து எழுத்தர்களும் கணக்கர்களும் இங்கே வந்தார்கள். கோடையில் அரசாங்கமே சிம்லாவுக்கு ஏறிவிடும், குளிரில் இறங்கிவரும். அந்த அலைச்சலுக்கு நடுவே பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க வேண்டுமே என்ற கவலையில் 1923இல் பிறந்ததுதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். இன்று அதற்கு ஏழு பள்ளிகள்; அவற்றில் ஒன்று நம் ஜனக்புரியில். 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது.

பள்ளிக்கு வெளியே தில்லியில் வேறு இரண்டு செல்வாக்குகள் இருந்தன. ஒன்று குடியரசு தின விழா. 1953 முதல் மாநிலங்களின் நாட்டுப்புற ஆடல்கள் அவ்விழாவில் இடம்பெற்றன. முற்றத்தில் வட்டமாக ஆடியது, ராஜபாதையில் முன்னோக்கி நகரும் வரிசையாக மாறியது. 'ஒரு மாநிலம் என்றால் ஓர் ஆட்டம், ஒரு நிற உடை' என்ற எண்ணமும் பள்ளிகளுக்குள் அங்கிருந்துதான் நுழைந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். இரண்டாவது, ஸ்ரீராம் பாரதீய கலா கேந்திரம் 1957 முதல் ஆண்டுதோறும் நடத்தி வரும் ராமலீலா. பேச்சைக் குறைத்து ஆடலால் கதை சொல்லும் பெரிய மேடை நாடகத்தைத் தில்லிக் குடும்பங்கள் இதில்தான் பார்த்துப் பழகின.

ஆசிரியர்களையும் மறக்கக்கூடாது. பரம்பரைக் கலைஞர் குடும்பத்தில் வந்த சுவர்ண சரஸ்வதி தில்லியில் ஆடலும் பாடலும் கற்பித்தார். சரோஜா வைத்தியநாதன் 1974இல் கணேச நாட்டியாலயாவைத் தொடங்கினார். கலாக்ஷேத்திராவில் பயின்ற லீலா சாம்சன் இங்கே நெடுங்காலம் கற்பித்து, 1995இல் 'ஸ்பந்தா' என்ற குழுவை அமைத்துப் பரதத்தில் கூட்டு ஆடலுக்குப் புதிய வடிவம் தேடினார். இவர்களிடமும் இவர்களுடைய மாணவிகளிடமும் கற்றவர்கள் நகரெங்கும் வகுப்பு நடத்துகிறார்கள். பள்ளி நாடகத்துக்கு நடனம் அமைக்க வரும் 'டான்ஸ் டீச்சர்' பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு வழியில் வந்தவராகத்தான் இருப்பார்.

ஒத்திகையில் என்ன நடக்கிறது?

இனி ஜனக்புரிக்கு வருவோம். பின்னல் கோலாட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒத்திகையின் அருமை அதில்தான் நன்றாகத் தெரியும்.

உயரத்தில் ஒரு வளையம்; அதிலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒரு கயிறு இடக்கையில், குச்சி வலக்கையில். ஆடுபவர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் ஆறு பேர் வலமாகவும் ஆறு பேர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வரும் முதல் பெண்ணை உள்பக்கமாகக் கடந்தால், அடுத்தவளை வெளிப்பக்கமாகக் கடக்க வேண்டும். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. இப்படியே போனால் மேலே பின்னல் இறங்கிவரும். பிறகு திசையைத் திருப்பி, வந்த வழியே ஒவ்வோர் அடியாகப் போனால் பின்னல் அவிழும். ஒருத்தி ஒரே ஒரு முறை தவறான பக்கமாகப் போய்விட்டாலும் போதும். பின்னும்போது யாருக்கும் தெரியாது, அவிழ்க்கும்போது சிக்கு விழுந்து பன்னிரண்டு பேரும் நிற்க வேண்டியதுதான்!

அதனால் அனுபவமுள்ள ஆசிரியை முதல் வாரம் கயிற்றைக் கண்ணிலேயே காட்டமாட்டார். வெறும் கையோடு நடக்கவிடுவார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, 'உள்ளே, வெளியே' என்று சொல்லிக்கொண்டே நடை. அது பழகியபின் குச்சி. குச்சியும் காலும் ஒத்துப்போன பிறகே கயிறு. ஐந்து வாரம் எப்படிப் போகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

கும்மியிலும் குரவையிலும் சிக்கல் வேறு. அவை வட்டத்துக்குள் முகம் திருப்பி ஆடுபவை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் தாளம் ஒத்துப்போகும். மேடைக்கு வந்தால் சபையைப் பார்க்க வேண்டும். வட்டத்தை அரைவட்டமாக விரித்தாக வேண்டும். பக்கத்துப் பெண்ணின் முகம் தெரியாமலே அவளோடு சேர்ந்து கை தட்ட வேண்டும். பார்த்து ஆடிய ஆட்டம் எண்ணி ஆடும் ஆட்டமாக மாறுவது இங்கேதான். கும்மி பெரும்பாலும் திச்ர நடையில் துள்ளுவது. அதை 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று சினிமா நடன வகுப்பின் எட்டு எண்ணிக்கைக்குள் அடைத்தால் துள்ளல் போய்விடும். 'தகிட தகிட' என்று சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ் சரளமாகப் பேச வராத பிள்ளைகூட இதைச் சொல்லிவிடுகிறாள்.

தில்லிக்கே உரிய தொல்லையும் உண்டு. விழாக் காலமும் மூச்சுத் திணறும் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. 2016, 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் நவம்பரில் காற்று மாசினால் பள்ளி வகுப்புகளே நிறுத்தப்பட்டன. அத்தகைய நாட்களில் மைதானத்தில் பிள்ளைகளை ஆடவிட முடியாது. வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு பேரைச் சுற்றவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒத்திகையை நடத்துகிற ஆசிரியைகளை நாம் பாராட்டினால் போதாது, அவர்களுக்குக் கொஞ்சம் நேரமும் கொடுக்க வேண்டும்.

பாட்டு எங்கே போயிற்று?

இவ்வளவும் நல்லதாகவே இருக்க, ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரவையில் ஆடுபவர்களே பாடினார்கள். கும்மியில் ஒருத்தி முதலடி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஆட்டத்தைவிடப் பாட்டுக்கே அங்கே முதலிடம். கை தட்டுவது பாட்டுக்குத் தாளம். அதனால்தான் செய்தி சொல்ல விரும்பிய புலவர்கள் கும்மி மெட்டைக் கையிலெடுத்தார்கள். பாரதியார் பெண் விடுதலையைப் பாட நினைத்தபோது கும்மியாகப் பாடியது தற்செயல் இல்லை. பெண்கள் ஆடும்போது வாய்விட்டுப் பாடுவார்கள், பாடினால் மனத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பள்ளி மேடையில் முதலில் ஆசிரியை பாடினார், ஆர்மோனியம் இருந்தது. பிறகு கேசட் வந்தது. பிறகு சி.டி. இப்போது செல்போனும் ஒலிபெருக்கியும். பிள்ளைகளின் வாய் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. பதிவு செய்த பாட்டில் வசதி இருக்கிறது; வேகம் மாறாது, சுருதி விலகாது. ஆனால் எந்தச் சொல்லுக்கு ஆடுகிறோம் என்பதே தெரியாமல் ஆடிவிட்டு இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒத்திகையின் ஓய்வில் ஒரு சிறுமியிடம், "பாட்டுல என்ன சொல்றாங்கம்மா?" என்று கேட்டேன். "தெரியாது அங்கிள், ஆனா 'ஏலேலோ' வந்தா லெஃப்ட் திரும்பணும்" என்றாள். அவள் மேல் குற்றம் இல்லை. அவளுக்கு யாரும் பாட்டைச் சொல்லித்தரவில்லை.

முற்றம் இருந்த ஊரில் ஒத்திகை தேவைப்படவில்லை. இரண்டாம் மாடி டி.டி.ஏ. ஃபிளாட்டில் வளரும் பிள்ளைக்கு முற்றமும் இல்லை, மந்தையும் இல்லை, கும்மி கொட்டும் அத்தைமாரும் இல்லை. அவளுக்கு அந்த ஐந்து வார ஒத்திகைதான் முற்றம். ஊர் தானாகக் கொடுத்ததை அந்த மணி நேரங்களில்தான் நாம் கொடுக்க முடியும். அந்தத் தாயாருக்கு என் பதில் இதுவே. ஆனால் முற்றம் கொடுத்தவற்றில் முதன்மையானதாகிய பாட்டை விட்டுவிட்டு, காலசைவை மட்டும் கொடுத்தால் அவருடைய கேள்வி நியாயமாகிவிடும்.

எனவே விழா நடத்தும் நண்பர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் சில யோசனைகளை முன்வைக்கிறேன். ஒத்திகையின் முதல் வாரத்தில் ஆட்டமே வேண்டாம். பாட்டை மட்டும் உட்கார்ந்து பாடக் கற்றுக்கொடுங்கள். சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை இந்தியில் எழுதி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, வாயில் வருவது தமிழ்தானே. நாடகத்தில் ஒரு கும்மியாவது பதிவு இல்லாமல், பிள்ளைகள் தாங்களே பாடி ஆடுவதாக இருக்கட்டும். சுருதி கொஞ்சம் விலகும், விலகட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை. பாடும் குழுவில் உட்காரவைத்தால் அவர்களுக்குப் பாதி ஒத்திகை போதும். வீட்டில் பாட்டிமார் இருந்தால் ஒரு நாள் ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டிக் கோலாட்டம் போட்ட தலைமுறையில் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த மெட்டு எந்தப் பதிவிலும் இல்லாததாக இருக்கலாம்.

இன்னொன்று. விழா மலரிலும் அழைப்பிதழிலும் தலைமை விருந்தினர், புரவலர் பெயர்களெல்லாம் அச்சாகின்றன. நடனம் அமைத்தவர், பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், மிருதங்கம் வாசித்தவர் பெயர்கள் பல சமயம் விடுபட்டுப்போகின்றன. கோயில்களில் குறவஞ்சி ஆடிய எத்தனையோ பெண்களின் பெயர் நமக்கு இன்று தெரியாது. அந்தப் பட்டியலில் ஜனக்புரியின் ஆசிரியைகளையும் சேர்த்துவிட வேண்டாம். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் அச்சாகும்போது, அவர்கள் பெயர்களுக்கு ஒரு வரியும், ஆடிய பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களுக்கு நான்கு வரியும் ஒதுக்கச் சொல்லி விழாக் குழுவை வேண்டிக்கொள்கிறேன்.